சரிவுல கட்டுற வீட்டுக்கு முழு கண்ணாடிச் சுவர் சரியா?

மலைமுகடு:
மனை நல்ல சரிவு, வியூ அருமை. ஆர்க்கிடெக்ட் ரெண்டு பிளான் குடுத்திருக்காரு. ஒண்ணு, சரிவை வெட்டி சமமாக்கி பள்ளத்தைப் பாத்த பக்கம் தரையிலேர்ந்து சீலிங் வரைக்கும் கண்ணாடி. இன்னொண்ணு, சரிவோடயே இறங்குற மாதிரி மூணு லெவல், ஜன்னல் அளவா. என் மனசு முதல் பிளான்லதான் நிக்குது. என்ன சொல்றீங்க?

கல்கட்டு:
முதல் பிளான் வேணாங்க. வெட்டுற மண்ணை எடுத்து பள்ளத்துப் பக்கமே கொட்டி மட்டம் பண்ணுவாங்க, அப்போ பாதி வீடு கெட்டி நிலத்துலயும் பாதி வீடு கொட்டின மண்ணுலயும் நிக்கும், ரெண்டும் ஒரே அளவுல இறங்காது, கொஞ்ச நாள்ல சுவர்ல சாய்வா விரிசல் விழும். பின்னாடி வெட்டுன முகத்துக்கு உயரமா தடுப்புச் சுவர் வேற கட்டியாகணும்.

நவீன்_டிசைன்:
அது கட்டுறவன் தப்பு, டிசைன் தப்பு இல்ல. அஸ்திவாரத்தை கெட்டி நிலம் வரைக்கும் இறக்கு, தடுப்புச் சுவருக்குப் பின்னாடி ஜல்லி போட்டு தண்ணி வெளிய வர ஓட்டை விடு, முடிஞ்சுது. மலையில வீடு கட்டுறதே அந்தக் காட்சிக்குத்தான், அங்க போயும் பொந்து மாதிரி ஜன்னல் வச்சு இருட்டுல உக்காரணுமா? பூமத்திய ரேகைக்கு வடக்க இருக்குற மலைன்னா தெற்கு பாத்த கண்ணாடி வழியா குளிர்கால வெயில் உள்ள வந்து தரையை சூடாக்கும், அது சும்மா கிடைக்குற ஹீட்டர்.

கல்கட்டு:
பகல்ல சரி, ராத்திரி? ஒத்தைக் கண்ணாடியோட யூ-வேல்யூ, அதாவது சூடு எவ்வளவு வேகமா வெளிய கடக்குதுங்கிற அளவு, 5.7 கிட்ட, சாதா டபுள் கிளேஸிங் (ரெண்டடுக்குக் கண்ணாடி) 2.8 கிட்ட, நல்ல ட்ரிபிளே (மூணடுக்கு) 0.8 தான். இன்சுலேஷன் போட்ட சுவர் 0.3க்கு கீழ வரும். கம்மியா இருந்தாதான் சூடு வெளிய போகாது, அப்போ எது தேறுதுன்னு நீங்களே பாருங்க. இன்னொரு விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க: டபுள் கிளேஸிங்ங்கிறது நடுவுல காத்தை அடைச்சு சீல் பண்ணது. சமவெளியில செஞ்சு 2000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு போனா வெளிக்காத்தோட அழுத்தம் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கும், உள்ள இருக்குற காத்து கண்ணாடியை வெளிய தள்ளி உப்ப வைக்கும், ஓரத்து சீல் விட்டா நடுவுல ஈரம் பூத்துடும், அதை தொடச்சு எடுக்கவும் முடியாது. உயரத்தைச் சொல்லி, அழுத்தம் சமமாக ஊசி மாதிரி குழாய் வச்சதை ஆர்டர் பண்ணணும்.

நவீன்_டிசைன்:
குழாய் மேட்டர் சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா மாடர்ன் வீடுன்னாலே மலையை வெட்டுறதுன்னு ஏன் முடிவு பண்றீங்க? அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃபிராங்க் லாயிட் ரைட் 1930கள்ல அருவி மேல கட்டுன ஃபாலிங்வாட்டர்ங்கிற வீட்டுல பாறையை உடைக்கல, ஹால் கணப்படுப்புக்கு முன்னாடி அந்தப் பாறையே தரையில துருத்திக்கிட்டு நிக்கும்.

கல்கட்டு:
அதே வீட்டுல அந்தரத்துல நீட்டுன மாடம் தொங்கிப்போய் 2002ல ஸ்டீல் கேபிள் போட்டு இழுத்துக் கட்டுனாங்களே, அதையும் சேத்து சொல்லுங்க. வீடு அழகு, இல்லைங்கல. சரிவுல நீட்டுற ஒவ்வொரு அடிக்கும் கணக்கு வேணும்.

ஈரமண்:
ரெண்டு பேரும் கண்ணாடியிலயே நிக்கிறீங்க. சரிவுல வீட்டைச் சாய்க்கிறது முக்காவாசி தண்ணிதான். வீட்டுக்கு மேல்பக்கம் ஒரு வாய்க்கால் எடுத்து மழைத்தண்ணியை சுத்தி விடணும், கூரைத்தண்ணியை குழாய்ல கீழ இருக்குற இயற்கை ஓடை வரைக்கும் கொண்டு போகணும், கொட்டின மண்ணுல விடவே கூடாது. செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழி தடுப்புச் சுவருக்கு மேல வந்துட்டா வருஷம் பூரா மண்ணு ஊறிக்கிட்டே இருக்கும், மழையே வேணாம். ரெண்டு பிளான்லயும் இது எங்க வருதுன்னு முதல்ல கேளுங்க.

மலைமுகடு:
உறிஞ்சுகுழி ரெண்டு டிராயிங்லயும் இல்லவே இல்ல. மண் பரிசோதனையும் இன்னும் பண்ணல. மூணு லெவல் பிளானை எடுத்து ஹால்ல மட்டும் பெரிய கண்ணாடி கேக்கலாம்னு தோணுது.

நவீன்_டிசைன்:
கேளுங்க, ஆனா கண்ணாடிக்கு மேல கூரையை நல்லா நீட்டச் சொல்லுங்க. உச்சி வெயிலும் சாரலும் நேரா அடிச்சா எந்தக் கண்ணாடியும் நிம்மதி தராது.

கல்கட்டு:
மண் ரிப்போர்ட் வராம எந்தப் பிளானுக்கும் அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.