சிவப்பழகு விளம்பரம்: குத்தம் க்ரீம் மேலயா, நம்ம வீட்டு மேலயா?

மல்லிகா_மதுரை:
2003ல எதிர்ப்பு கிளம்பி நிறுத்தின ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம் ஞாபகம் இருக்கா? வீட்ல பணக்கஷ்டம். ஒரு மகன் இருந்திருந்தா தேவலைனு அப்பா புலம்புவார். அது மக காதுல விழும். க்ரீம் பூசுவா, சிவப்பாவா, விமானப் பணிப்பெண் ஆயிடுவா. ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்து விடாம நின்னதாலதான் அது போச்சு. வேலை வாங்கிக் கொடுத்தது படிப்பு இல்லையாம், தோலாம்!

ராஜா_திருச்சி:
க்ரீம் கடைக்கு வந்ததே 1975லதான். "பொண்ணு கொஞ்சம் கறுப்பு"ன்னு பேச்சு எங்க ஆயா காலத்துலயே உண்டு. மணமகள் தேவை பகுதியைப் புரட்டிப் பாருங்க. கம்பெனிக்காரன் நம்ம வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டு யாவாரம் பண்றான், அவ்வளவுதான்.

மல்லிகா_மதுரை:
ஆயா சொன்னது தெருவோட போச்சு. இது தினமும் சீரியலுக்கு நடுவுல, எட்டாவது படிக்கிற புள்ள பார்க்க ஓடுச்சு. ஆயா குறை சொன்னாங்களே தவிர, கையில ட்யூப் வச்சுக்கிட்டுச் சொல்லலையே அண்ணே.

பழைய_ரசிகன்:
சினிமாவை மட்டும் ஏன் விட்டீங்க? ரஜினி, விஜயகாந்த் நிறத்துக்கு விசில் அடிச்சோம். அதே நிறத்துல நாயகிகள் யாருன்னு யோசிச்சா சரிதா, அர்ச்சனானு ரெண்டு பேர்லயே நமக்கு மூச்சு வாங்குது. 'வீடு' படத்துக்கு அர்ச்சனா தேசிய விருதே வாங்கினாங்க. அப்புறம் தொண்ணூறுகள்ல முகம் மும்பையிலிருந்து, குரல் இங்கேருந்து. 'தண்ணீர் தண்ணீர்'ல அப்படி நடிச்ச சரிதா பின்னாடி எத்தனை நாயகிகளுக்கு டப்பிங் பேசினாங்க! குரல் இனிச்சுது, முகம் வேணாமாம். (இதுல நானும் டிக்கெட் வாங்கின கூட்டம்தான்.)

ராஜா_திருச்சி:
ஆம்பளைக்கும் 2005ல க்ரீம் வந்துச்சே, ஷாருக்கானே நடிச்சார். கறுப்பா இருக்குறவங்களைத் தோத்தவங்களா, சோகமாக் காட்டக்கூடாதுன்னு 2014ல விளம்பரத் தரக் கவுன்சில் விதி போட்டுச்சு. 2020ல ஃபேர் அண்ட் லவ்லி பேரையும் 'க்ளோ அண்ட் லவ்லி'னு மாத்தியாச்சு. இன்னும் என்னதான் வேணும்?

மல்லிகா_மதுரை:
ஷாருக் விளம்பரத்துல பையனுக்கு வந்த கேலி, பொண்ணுங்க க்ரீமை எடுத்துப் பூசுறான்னு. மகளா பொறந்ததுக்காக அவனைப் பார்த்து யாரும் பெருமூச்சு விடல. விதி போட்ட அந்தக் கவுன்சிலும் விளம்பரத் துறை தனக்குத்தானே வச்சுக்கிட்டது. நாடாளுமன்றச் சட்டம்னா, பெண்களை ஆபாசமாச் சித்தரிக்கக் கூடாதுன்னு 1986ல வந்தது இருக்கு. அது பொண்ணு உடம்பை எப்படிக் காட்டுறாங்கன்னுதான் பார்க்கும். மகளை மட்டம் தட்டுற அப்பா, ஒழுங்கா உடுத்தின பொண்ணுன்னா, அந்தச் சட்டம் பேசாம போயிடும்.

பழைய_ரசிகன்:
சாய் பல்லவி அந்த மாதிரி விளம்பரம் ஒண்ணை வேணாம்னுட்டாங்களே, அதையும் சொல்லணும்ல?

ராஜா_திருச்சி:
ஒருத்தர் மறுத்தா பத்துப் பேர் வரிசையில நிப்பாங்க சார். அது கிடக்கட்டும். தங்கச்சிக்கு வரன் பார்க்குறோம். தரகர் கொடுத்த தாள்ல உயரம், படிப்புக்குக் கீழ 'நிறம்'னு ஒரு கட்டம். அம்மா அதைக் காலியா விட மாட்டாங்க. இதுக்கு எந்தக் கவுன்சில்ல புகார் கொடுக்கிறதாம்?

மல்லிகா_மதுரை:
தாளை நிரப்பப் போறது நீங்கதானே? அம்மா மேல போடாதீங்க அண்ணே.