குடும்பக் குழு: யாழினி மறுபடி பள்ளிக்குப் போவது பற்றி

வெள்ளி, இரவு

செல்வி: எல்லாரும் சாப்பிட்டாச்சா? ஒரு விஷயம் கேட்க வேண்டும். யாழினி இன்றைக்கும் பள்ளிக்குப் போகவில்லை. வயசுக்கு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எல்லாம் முடிந்து திங்கட்கிழமை அனுப்பினேன். சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தவள்தான். மறுநாள் தலைவலி என்றாள், அதற்கு மறுநாள் வயிற்றுவலி. இன்றைக்கு நேராகவே சொல்லிவிட்டாள், "அந்தப் பள்ளிக்கு நான் போக மாட்டேன்மா."

கலா: திருஷ்டியாக இருக்கும் செல்வி. மிளகாய் உப்பு சுற்றிப் போடு. பதினொரு வயசுதானே ஆகிறது, அதற்குள் வந்துவிட்டது. நம்ம காலத்தில் எட்டாவது ஒன்பதாவது படிக்கும்போதுதான். எல்லாம் இந்த பிராய்லர் கோழி செய்கிற வேலை.

மீனா: பள்ளியில் யாராவது ஏதும் சொன்னார்களா? கேட்டுப் பார்த்தாயா?

செல்வி: கேட்டேன் மதினி. பகலில் வாயே திறக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னாள். வகுப்புக்குள் நுழைந்ததும் பின்னால் இருந்து ஒரு பையன் "புட்டு எங்கே, எங்களுக்கு இல்லையா" என்று கேட்டானாம். எல்லாரும் சிரித்தார்களாம். அப்புறம் கணக்கு வகுப்பில், இத்தனை நாள் எங்கே போனாய் என்று எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். இவள் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறாள். விகிதசமம் பாதிக்கு மேல் நடத்தி முடித்தாயிற்று, இவளுக்கு ஒன்றுமே புரியவில்லையாம்.

மீனா: அடப் பாவமே.

பாலு: நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். காலாண்டு முடிந்ததும் டவுனில் பெண்கள் பள்ளிக்கு மாற்றிவிடலாம். பையன்கள் தொல்லை இருக்காது. வேன் வீட்டு வாசலுக்கே வரும்.

முருகேசன்: அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. முதலில் சடங்கு நல்லபடியாக முடியட்டும். தாய்மாமன் நான் இருக்கிறேன், சீர் குறைவில்லாமல் வரும். பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, பள்ளி முக்கில் ஒன்று, ரெண்டு ஃபிளெக்ஸ் சொல்லியிருக்கிறேன். பிள்ளை படம் பெரிதாக வரும். மாதிரி அனுப்புகிறேன், பாருங்கள்.

முருகேசன்: (படம்)

கலா: ராசாத்தி மாதிரி இருக்கிறாள் 🙏🙏

வசந்தா: இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எல்லாவற்றையும் படித்தேன். முருகேசா, அந்த ஃபிளெக்ஸை முதலில் நிறுத்து. அச்சடிக்கக் கொடுத்துவிட்டாயா?

முருகேசன்: முன்பணம் மட்டும் கொடுத்திருக்கிறேன் அக்கா. ஏன்?

வசந்தா: அந்தப் பிள்ளை எதற்காகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள்? தனக்கு என்ன ஆனது என்பது வகுப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது என்பதற்காகத்தான். நீ அதையே பள்ளி முக்கில் பத்தடி உயரத்துக்கு வைக்கப் போகிறாய். தினமும் காலையும் மாலையும் அவள் அதற்குக் கீழேதான் நடந்து போக வேண்டும். கூடவே அந்தப் பையன்களும் போவார்கள்.

முருகேசன்: ஊரில் எல்லாரும் வைக்கிறார்களே அக்கா. நான் வைக்காவிட்டால் என்ன பேசுவார்கள்?

வசந்தா: பேசட்டும். சீர் செய், சேலை எடு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் விருந்து போடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உன் ஆசை. படம் மட்டும் தெருவுக்கு வர வேண்டாம். ஸ்டேட்டஸிலும் வேண்டாம். கலா அக்கா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வசந்தா: ஆறாம் வகுப்பில் என்ன நடக்கும் என்பதை டீச்சராக நான் தினமும் பார்க்கிறேன். ஜூன் மாதம் ஊர்த் தொடக்கப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அங்கே அஞ்சாம் வகுப்பு என்றால் அவர்கள்தான் பெரிய பிள்ளைகள், மணி அடிப்பதே அவர்கள்தான். இங்கே வந்ததும் இருப்பதிலேயே சின்னவர்கள். பாடத்துக்கு ஒரு ஆசிரியர், முகம் தெரியாத கூட்டம், பிளஸ் டூ வரைக்கும் அண்ணன்மார்கள். இது ஒன்றே பழகுவதற்குப் பல மாதம் ஆகும். அதற்குள் உடம்பும் மாறுகிறது. வகுப்பிலேயே உயரமானவள் என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுவோம். பெரிய பிள்ளை மாதிரி இருக்கிறாளே என்று பெரிய பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை எல்லாம் அவளிடம் எதிர்பார்ப்போம். உள்ளே இருப்பது பதினொரு வயதுக் குழந்தைதான்.

வசந்தா: ஒரு பிள்ளை நோட்டை நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடியேதான் நடப்பாள். இன்னொருத்தி பதில் தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டாள், பாவாடையில் கறை பட்டிருக்குமோ என்ற பயம். மார்க் குறைந்துவிட்டது, கவனம் இல்லை என்று எழுதி வைத்துவிடுகிறோம். கவனம் முழுக்க அந்தப் பாவாடையில் இருக்கிறது.

செல்வி: நம் பிள்ளையும் இப்போதெல்லாம் அப்படித்தான் நடக்கிறாள் அக்கா. நான் கூன் போடாதே என்று திட்டிக்கொண்டிருக்கிறேன் 😔

வசந்தா: பாலு தம்பி, பள்ளி மாற்றுவது பற்றி. 1970களில் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ராபர்ட்டா சிம்மன்ஸ், டேல் பிளைத் என்று இரண்டு ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து பிள்ளைகளைக் கவனித்தார்கள். அங்கே சில பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்குப் புதுப் பெரிய பள்ளிக்கு மாற வேண்டும். சில பிள்ளைகள் எட்டாவது வரை ஒரே பள்ளியிலேயே இருப்பார்கள். மாறிப் போன பெண் பிள்ளைகளுக்குத்தான் தன்னைப் பற்றிய மதிப்பு இறங்கியது. இருந்த இடத்திலேயே இருந்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. உடம்பு மாற்றம், பள்ளி மாற்றம், வீடு மாற்றம் என்று ஒரே சமயத்தில் எத்தனை சேர்கிறதோ அத்தனைக்குப் பாரம் கூடுகிறது என்றார்கள். யாழினிக்கு ஏற்கெனவே இரண்டு சேர்ந்து வந்துவிட்டன. மூன்றாவதை நாம் கொண்டு போய் வைக்க வேண்டுமா?

பாலு: அது அமெரிக்கா மதினி. இங்கே பையன்கள் கிண்டல் பண்ணினால் யார் கேட்பார்கள்? பெண் பிள்ளை விஷயம். எனக்குப் பயமாக இருக்கிறது.

வசந்தா: பயம் நியாயமானதுதான். ஆனால் நாம்தான் கேட்க வேண்டும் தம்பி. வகுப்பு ஆசிரியரை நீங்களும் செல்வியும் நேரில் பாருங்கள். பையன் பெயரைச் சொல்லி அடி வாங்கிக் கொடுக்கவா போகிறோம்? அவனுக்கும் பதினொரு வயதுதான், அவன் வீட்டில் கேட்டதைச் சொல்கிறான். அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் மாணவர் மனசு என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், பிள்ளை தானே எழுதியும் போடலாம். அப்படியும் நிற்கவில்லை, அல்லது பெரிய பையன்கள் யாராவது பின்னால் வருகிறார்கள் என்றால் 14417க்குப் பேசுங்கள், அது கல்வித் துறையின் உதவி எண். அந்தக் கட்டம் வந்தால் பள்ளி மாற்றுவதை நானே ஆதரிப்பேன்.

கலா: அதெல்லாம் சரி. அடுத்த மாதம் அந்த நாள் வரும்போது தனியாக உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் சொல்லி வை செல்வி. தீட்டு ஒட்டிக்கொள்ளக் கூடாது.

வசந்தா: வேண்டவே வேண்டாம் அக்கா. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளையை இதே காரணத்துக்காக வாசற்படியில் உட்கார வைத்துத் தேர்வு எழுதச் செய்தார்கள். தாய் எடுத்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது, தலைமை ஆசிரியரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அந்தப் பிள்ளை வகுப்புக்குள் மறுபடி எப்படி நுழைந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டிலிருந்து அப்படி ஒரு வார்த்தை பள்ளிக்குப் போகக் கூடாது.

கலா: சரிடி, நான் சொல்லவில்லை. ஆனால் பதினொரு வயசு சீக்கிரம் இல்லையா?

வசந்தா: இல்லை அக்கா. பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் உடம்பு மாறத் தொடங்கும், அதன் பிறகு சுமார் இரண்டு இரண்டரை ஆண்டில் மாதவிலக்கு வரும். எட்டு வயதுக்கு முன்பே மாற்றம் தெரிந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி எதுவும் போடுவதில்லை, அது வளர்வதே அந்த இனத்தாலும் தீவனத்தாலும்தான். நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்கள், எடை கூடுகிறது, அதனால் கொஞ்சம் முன்னால் வருகிறது.

சனி, காலை

மீனா: மதினி, ஒன்று கேட்க வேண்டும். ராத்திரியே கேட்க நினைத்தேன், ஆம்பிளைகள் இருக்கிற குழு என்று விட்டுவிட்டேன்.

வசந்தா: கேள் மீனா. பிள்ளைகள் யாரும் இந்தக் குழுவில் இல்லை.

மீனா: எங்கள் பையன் கதிர். ஒன்பதாவது வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டான். காலை வணக்கத்தில் திருக்குறள் அவன்தான் சொல்வான். இப்போது சொல்ல மாட்டேன் என்று வந்துவிட்டான். பிடி பீரியட் இருக்கிற நாள் பார்த்துக் காய்ச்சல் என்கிறான். சட்டைக்குள் பனியன் இரண்டு போடுகிறான், இந்த வெயிலில்.

முருகேசன்: சோம்பேறித்தனம். வேறு என்ன?

வசந்தா: சோம்பேறித்தனம் இல்லை தம்பி. குரல்வளை வளர்கிறது, குரல் நாண் நீள்கிறது, அதனால் பேசும்போதே குரல் உடைந்து கீச்சென்று போகும். ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் ஒலிபெருக்கியில் அப்படி ஒரு தடவை ஆனால் போதும், எந்தப் பையனும் மறுபடி மேடை ஏற மாட்டான். சில மாதத்தில் குரல் ஒரு நிலைக்கு வந்துவிடும். அதுவரை கட்டாயப்படுத்தாதீர்கள்.

வசந்தா: இரண்டு பனியன் எதற்கு என்று நான் ஊகிக்கிறேன். இந்த வயதில் பையன்களில் பாதிப் பேருக்காவது மார்பில் காம்புக்குக் கீழே சின்னக் கட்டி மாதிரி வரும், தொட்டால் வலிக்கும். ஹார்மோன் ஏற்ற இறக்கம்தான். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தானாக அடங்கிவிடும். பிடி பீரியடில் சட்டையைக் கழற்றச் சொன்னால் மற்ற பையன்கள் பார்த்துப் பட்டப்பெயர் வைப்பார்கள் என்று பயம். அதைவிட, தனக்கு ஏதோ பெரிய நோய் என்றே நினைத்துக்கொண்டிருப்பான். பெண் பிள்ளைக்குச் சொல்ல அம்மா, சித்தி, ஆச்சி என்று வீடு நிறைய ஆள் இருக்கிறது. பையனுக்கு ஒருத்தர்கூட வாய் திறப்பதில்லை.

மீனா: ஐயோ. அதேதான். குளித்துவிட்டு வரும்போதுகூடத் துண்டை மேலே போர்த்திக்கொண்டு ஓடுகிறான்.

வசந்தா: முருகேசா, நீதான் பேச வேண்டும். தூக்கத்தில் உள்ளாடை நனைவது உட்பட எல்லாவற்றையும். டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போ, பைக்கில் போகும்போது பேசு. முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சமாக இருக்கும் இல்லையா, அதனால் சொல்கிறேன். கட்டி பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் டாக்டரிடம் காட்டலாம்.

முருகேசன்: சரி அக்கா. நாளைக்கு வயலுக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போகிறேன்.

மீனா: இன்னொன்று. அஞ்சரை மணி டியூஷனுக்கு எழுப்பவே முடியவில்லை. ராத்திரி பதினொன்று வரை முழித்துக் கிடக்கிறான். போனைப் பிடுங்கி வைத்தாலும் தூக்கம் வரவில்லை என்கிறான்.

வசந்தா: உண்மையாகவே வராது. இந்த வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதே இரவில் தள்ளிப் போகிறது. தூக்கமோ எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2014லேயே, பெரிய பிள்ளைகளின் பள்ளி காலை 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. நாம் அஞ்சரைக்கு டியூஷன் வைக்கிறோம். சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா பார். போனைப் பிடுங்குவதும் நல்லதுதான், அதை விடாதே.

சனி, இரவு

செல்வி: அக்கா, நானும் இவரும் வகுப்பு ஆசிரியரைப் பார்த்துவிட்டோம். இன்றைக்கு ஆறாவதுக்கு வகுப்பு இருந்தது. நல்ல மாதிரியாகப் பேசினார்கள். அந்தப் பையனிடம் தனியாகச் சொல்வதாகச் சொன்னார்கள். நம் ஊரிலிருந்து இவளோடு வந்த பிள்ளை ஒருத்தி பி பிரிவில் இருக்கிறாள், அவளை இந்த வகுப்புக்கு மாற்றி இவள் பக்கத்தில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டேன். தலைமை ஆசிரியரிடம் பேசுகிறேன் என்றார்கள். இதைச் சொன்னதும்தான் யாழினி எழுந்து சாப்பிட்டாள்.

வசந்தா: அருமை. அவளிடமே கேட்டுச் செய்தாயே, அதுதான் சரி. கழிப்பறை எப்படி இருக்கிறது என்று பார்த்தாயா?

செல்வி: தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. இடைவேளையில் மட்டும்தான் திறப்பார்களாம். இவள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

வசந்தா: நிறையப் பிள்ளைகள் அப்படித்தான், அதனாலேயே நீர்க்கடுப்பும் தலைவலியும் வருகிறது. நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். பஸ் ஏறி இறங்குவதையும் சேர்த்தால் பள்ளி நாள் அதைவிட நீளம், அதனால் பள்ளியில் ஒரு தடவையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். பாட நேரத்தில் கேட்டாலும் காரணம் கேட்காமல் அனுப்பும்படி ஆசிரியரிடம் சொல்லிவிடு. சின்னப் பையில் இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, பழைய செய்தித்தாள் எப்போதும் பையிலேயே இருக்கட்டும். முதல் இரண்டு ஆண்டு நாள் தப்பித் தப்பித்தான் வரும், 21லிருந்து 45 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் நாப்கின் நனைந்தாலோ டாக்டரிடம் போ.

வசந்தா: நாப்கின் பள்ளியிலேயே தருவார்கள், 2012லிருந்து புதுயுகம் திட்டத்தில் கொடுக்கிறார்கள். வாரம் ஒரு நாள் நீல இரும்புச் சத்து மாத்திரையும் தருவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையைத் திட்டும் முன்னால் நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பாலு: மதினி, பள்ளி மாற்றுகிற பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். அரையாண்டு வரை பார்ப்போம். விகிதசமம் நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

முருகேசன்: ஃபிளெக்ஸ் கடையில் சொல்லிவிட்டேன். முன்பணத்தில் பத்திரிகை அடித்துத் தருகிறேன் என்றார். படம் இல்லாமல்தான்.

செல்வி: சடங்கு நாளையும் தள்ளி வைக்கலாமா அண்ணா? பள்ளி நாளில் வைத்தால் மறுபடி லீவு போட வேண்டும். அப்புறம் அவள் சொல்கிறாள், வகுப்பில் யாரையும் கூப்பிட வேண்டாமாம், அந்த பி பிரிவுப் பிள்ளையை மட்டும் கூப்பிட வேண்டுமாம்.

முருகேசன்: அவள் சொன்னபடியே செய்வோம். காலாண்டு விடுமுறை எந்தத் தேதியில் தொடங்குகிறது? மண்டபத்துக்காரர் நாளைக்குள் சொல்லச் சொல்கிறார்.