டாம் சாயர் செய்வது குறும்பா, விஷமமா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. மார்க் ட்வைனின் 'டாம் சாயர்' (1876) பற்றி அடுத்த வாரம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேச வேண்டும். தலைப்பு 'குறும்பு'.

வேலிக்கு வெள்ளையடிக்கும் காட்சியில் சிக்கலே இல்லை. தண்டனையாக வந்த வேலையை ஏதோ பாக்கியம் போலக் காட்டி, ஆப்பிள், பட்டம், சுழற்றி விளையாட நூலோடு ஒரு செத்த எலி என்று, வேலை செய்கிறவனிடமே கூலி வாங்குகிறான். வேலிக்கு மூன்று பூச்சு!

நான் தடுமாறுவது ஜாக்சன் தீவு விஷயத்தில். டாமும் இரண்டு நண்பர்களும் வீட்டில் சொல்லாமல் அந்தத் தீவுக்கு ஓடிப்போக, பையன்கள் ஆற்றில் மூழ்கிவிட்டதாக ஊரே அழுகிறது. ராத்திரி திருட்டுத்தனமாக வீட்டுக்கு வந்த டாம், பாலி பெரியம்மா அழுவதைக் கட்டிலுக்கடியில் ஒளிந்து கேட்கிறான். அவள் தூங்கியதும் முத்தமிடுகிறான். ஆனாலும் 'நாங்கள் சாகவில்லை' என்று எழுதி வைத்திருந்த மரப்பட்டையைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறான். அப்புறம் தன் இறுதிச் சடங்குக்குத் தானே வந்து நிற்கிறான்!

படிக்கும்போது சிரித்தேன், சரி. ஆனால் இதைக் குறும்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? பூனைக்கு மருந்து ஊற்றும் காட்சியையும் சேர்த்துப் பேசலாமா? நல்ல தமிழ் மொழிபெயர்ப்பு தெரிந்தாலும் சொல்லுங்கள்.