ராத்திரி பத்தரைக்கு மிக்சர் டப்பாவைத் தேடிப் போற கை: இதை யாராவது தாண்டியிருக்கீங்களா?

நொய்யல்_பெண் (திருப்பூர்)

வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன்.

வயசு 39. உயரம் 157 செ.மீ., எடை 78 கிலோ. போன மாசம் ரத்தம் குடுத்துப் பார்த்ததுல ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.1. சர்க்கரைன்னு இன்னும் சொல்ல முடியாது, ஆனா இப்படியே விட்டா வந்துரும்னு டாக்டர் சொன்னார். மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்கார்.

எதைச் சாப்பிடணும், எதைச் சாப்பிடக் கூடாதுங்கறது எனக்குத் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பேலியோ (அரிசி, கோதுமை இல்லாத டயட்) இருந்து நாலே மாசத்துல 9 கிலோ குறைச்சேன். விட்டதும் 11 கிலோ ஏறிருச்சு. அதனால டயட் சார்ட் யாரும் போட வேண்டாம்.

பனியன் கம்பெனியில கணக்கு எழுதறேன். காலைல எட்டரைக்கு உள்ள இருக்கணும், அதனால ஒரு டம்ளர் காப்பியோட சரி. மத்தியானம் டப்பாவுல தயிர் சாதம், எடை குறையணும்னு அதுலயும் பாதிய மிச்சம் வெச்சுருவேன். சனிக்கிழமை வாரச் சம்பளம். 140 பேருக்கு ஷிஃப்ட், ஒன்றரை ஷிஃப்ட், அட்வான்ஸ் எல்லாம் கழிச்சுக் கவர்ல போடணும். பத்து ரூபா இடிச்சாலும் திரும்ப முதல்ல இருந்து எண்ணணும். வெள்ளியும் சனியும் வீடு வந்து சேர எட்டரை ஒம்பது ஆயிரும். வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில நைட் ஷிஃப்ட். பையன் பத்தாவது, பொண்ணு ஆறாவது.

ரெண்டு பேரும் படுத்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். சமையக்கட்டுல லைட் கூடப் போடாம நின்னுட்டே சாப்பிடுவேன். மிக்சர், அது தீந்தா வறுக்கி, அதுவும் இல்லைன்னா பொட்டுக்கடலையும் வெல்லமும். முந்தாநேத்து கால் கிலோ மிக்சர் பாக்கெட் முழுசும் காலி. ருசியே தெரியலை. கவரைச் சுருட்டிக் குப்பைக்கூடையில அடியில வெச்சேன், காலைல பொண்ணு பார்த்துரக் கூடாதுன்னு. அதுக்கு ஈடு கட்ட மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிடலை.

போன தை மாசம் அம்மா தவறிட்டாங்க. பல்லடம் பக்கம் தம்பியோட தோட்டத்துல இருந்தாங்க. தினமும் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு "சாப்டியா கண்ணு"ன்னு கேப்பாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் இது கூடிருச்சுன்னு தோணுது.

அந்த நேரத்தை எப்படித் தாண்டினீங்க? தாண்டினது நிலைச்சுதா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்.

—

வைகைக்கரை_அக்கா (மானாமதுரை)

தங்கச்சி, உங்க எழுத்தை ரெண்டு தடவை படிச்சேன். "பத்து மணிக்குப் போன் வரும்"னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் மேல, பிள்ளைகள் படுத்த பிறகு ஆரம்பிக்கும்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒரே நேரம். உங்க அம்மா "சாப்டியா"ன்னு கேட்ட அந்த நேரத்துலதான் நீங்க சாப்பிடுறீங்க. இதைச் சொல்றதால வருத்தப்படாதீங்க. எனக்கும் இப்படி ஒருத்தர் சொல்லித்தான் விளங்குச்சு.

எனக்கு 54 வயசு. வீட்டுக்காரர் இறந்தப்போ 81 கிலோ இருந்தேன். அவர் டீக்கடையில இருந்து வரும்போது சாயங்காலம் ரெண்டு பஜ்ஜி மடிச்சு வாங்கிட்டு வருவார். அவர் போன பிறகு நானே போய் ஆறு வாங்கி, தனியா உக்காந்து தின்னேன். 69க்கு வர ரெண்டரை வருசம் ஆச்சு. வந்து இப்ப நாலு வருசம். நடுவுல மகள் பிரசவத்தப்போ 72 போச்சு, திரும்ப இறங்குச்சு.

முதல் ரெண்டு வாரம் நான் எதையும் குறைக்கலை. காலண்டர் தாள் பின்னாடி எழுதினேன். எத்தனை மணி, என்ன சாப்பிட்டேன், அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி என்ன நடந்துச்சு, வயித்துப் பசி பத்துக்கு எத்தனை. 14 நாள்ல நிஜமான பசி 5 நாள். அந்த அஞ்சு நாளும் மத்தியானம் ஒழுங்காச் சாப்பிடாத நாள். மிச்சம் ஒம்பதுல பசி ரெண்டு, மூணுதான். அன்னைக்கெல்லாம் யாரோடயும் பேசாம வீட்டுக்குள்ளயே கிடந்திருக்கேன். அந்தத் தாளைப் பார்த்த அன்னைக்குத்தான் எனக்கு என் மேல இருந்த கோவம் போச்சு.

உங்களுக்கும் ரெண்டும் கலந்திருக்குன்னு நினைக்கிறேன். காலைல காப்பி, மத்தியானம் பாதி டப்பா. அப்படி இருந்தா ராத்திரி உடம்பு கேக்கத்தான் செய்யும். தனிமை வேற, பசி வேற. ரெண்டும் ஒரே மணிக்கு வந்தா யாராலயும் தாங்க முடியாது. அதனால பசியை முதல்ல பகல்லயே முடிச்சிருங்க. காலைல மூணு இட்லி, முடிஞ்சா ஒரு முட்டை. மத்தியான டப்பாவை மிச்சம் வைக்காதீங்க. தயிர் சாதத்தோட பொரியலோ பயறோ சேத்துக்கோங்க. சாயங்காலம் நாலரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல். வெள்ளி, சனி இந்தச் சுண்டல் இல்லாம சம்பளக் கவரைத் தொடாதீங்க.

ராத்திரிக்கு நான் செஞ்சது: சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிக்கலை. பத்து நிமிசம் கழிச்சுச் சாப்பிடலாம்னு சொல்லிக்கிட்டேன். அந்த ஆசை அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானா இறங்கும். குடிப்பழக்கத்துல இருந்து வெளிய வர்றவங்களுக்கு, ஆசை வரும்போது அதோட சண்டை போடாம அது ஏறி இறங்குறதைக் கவனிக்கச் சொல்லிக் குடுத்தவர் அமெரிக்காவுல ஆலன் மார்லட்னு ஒரு உளவியல் பேராசிரியர். எனக்கு அதைச் சொன்னது மதுரையில ஒரு ஆலோசகர் அம்மா. அந்தப் பத்து நிமிசம் வாசப்படியில உக்காந்து பூக்கட்டுவேன். கைக்கு வேலை வேணும், அதான் விசயம். பத்து நிமிசம் கழிச்சும் வேணும்னா ஒரு தட்டுல ஒரு கைப்பிடி போட்டு, லைட்டைப் போட்டு, உக்காந்து சாப்பிடுவேன். இருட்டுல நின்னுட்டுச் சாப்பிடுறதை மட்டும் விட்டுருங்க. திருடித் தின்ற மாதிரி மனசுக்குப் படும், பிறகு அதுக்கே இன்னொரு கைப்பிடி கேக்கும்.

மறுநாள் பட்டினி கிடக்கவே கிடக்காதீங்க. பாதி வியாதி அதுதான்.

இன்னொண்ணு. பத்து மணிக்குத் தம்பிக்குப் போன் போடுங்க. அவருக்கும் அந்த நேரம் அம்மா இல்லாத நேரம்தான்.

—

தட்டும்_தராசும் (சேலம், உணவியல் ஆலோசகர்)

அக்கா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பட்டினிக்குப் பிறகு அளவில்லாமல் சாப்பிடுவது மன உறுதிக் குறைவு அல்ல. 1944–45ல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். அவர்கள் நாள் முழுக்க உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். தடை நீங்கிய பிறகு பலருக்கு எவ்வளவு தின்றும் நிறைவு வரவில்லை. பேலியோவுக்குப் பின் உங்கள் எடை ஏறியதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

தூக்கமும் கணக்கில் வரும். 2004ல் சிகாகோவில் இளம் ஆண்கள் 12 பேரை இரண்டு இரவு நான்கு மணி நேரமே தூங்க விட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. இரவு நேரம் கழித்துப் படுக்கும் உங்களுக்கு இது பொருந்தாது என்று சொல்ல மாட்டேன்.

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்று நம்பித்தான் பலர் 22ம் நாள் மனம் உடைகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2010ல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறியது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை.

தராசு மட்டும் அளவுகோல் அல்ல. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006ல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல் சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு நடையும் உணவு மாற்றமும் மட்டும் சொல்லித் தந்தார்கள். எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எனவே வாரம் ஒரு முறை எடை பாருங்கள், இடுப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. தைராய்டு பார்க்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நிறுத்த முடியாமல் மிக அதிகமாகச் சாப்பிடுவது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதமாக நடந்தால், மறைத்துச் சாப்பிட்டுப் பின் வெட்கப்பட்டால், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அம்மா போன துக்கத்தைப் பேசுவதற்கும் அதே எண்தான்.

—

டிப்போ_நண்பன் (விழுப்புரம்)

நான் பஸ் கண்டக்டர். எனக்கு அழுகையில வராது, கோவத்துல வரும். சில்லறைத் தகராறு நடந்த டிரிப் முடிஞ்சா நேரா போண்டா கடைதான். இப்ப கடைக்கு முன்னாடி முகம் கழுவிட்டு, டிப்போவை ரெண்டு சுத்து நடந்துட்டு, அப்புறம் போறேன். போனாலும் ஒண்ணோட வந்துடறேன். பதினோரு மாசத்துல 6 கிலோ.

ஆனா "வீட்ல வாங்கி வைக்காதே"ன்னு சில பேர் சொல்வாங்க, எனக்கு அது சரி வரலை. பிள்ளைங்க இருக்கற வீடு. மிக்சரைச் சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டிப் பரண் மேல வெச்சோம். ஏணி போட்டு ஏறணும். ஏறறதுக்குள்ள பாதி நாள் மனசு மாறிடும்.

—

நொய்யல்_பெண் (ஏழு வாரம் கழிச்சு)

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் நன்றிங்க. 78ல இருந்து 75.8. இடுப்பு 97ல இருந்து 94.

முதல் வாரமே தம்பிக்குப் போன் போட்டேன். ரெண்டு பேருக்கும் என்ன பேசறதுன்னு தெரியலை. "மாடு கறந்தாச்சா"ன்னு கேட்டேன். நாலாவது நாள் பத்து மணிக்கு அவனே கூப்பிட்டான். "சாப்டியா"ன்னு கேட்டான். அன்னிக்கு நல்லா அழுதேன், ஆனா சமையக்கட்டுக்குப் போகலை.

14416க்கும் பேசினேன். ரெண்டு தடவை பேசினதுல அரசு மருத்துவமனைக்கு வழி சொன்னாங்க, அடுத்த வாரம் போறேன். இருட்டுல நின்னு தின்ன ராத்திரி இந்த ஏழு வாரத்துல ஆறு. அதுல நாலு வெள்ளிக்கிழமை. சுண்டல் கொண்டு போகாத வெள்ளிக்கிழமைங்க அது. மறுநாள் காலைல இட்லி சாப்பிட்டுத்தான் வேலைக்குப் போனேன், இதுதான் எனக்குப் பெரிய மாற்றம்.

இப்ப ஒரு பயம். வர்ற வாரம் அம்மாவுக்கு முதல் வருசத் திதி. படையலுக்கு அவங்களுக்குப் புடிச்ச கச்சாயம் (எண்ணெயில சுடற வெல்லப் பலகாரம்) நான்தான் சுடணும். அம்பது அறுபது சுடுவோம், மிச்சம் எல்லாம் தூக்குல போட்டுக் குடுத்து விடுவாங்க. அந்தத் தூக்கோட ராத்திரி தனியா இருக்கப் பயமா இருக்குங்க அக்கா. சாப்பிடாமயே வந்துரட்டுமா?

—

வைகைக்கரை_அக்கா

சாப்பிடாம வராதீங்க தங்கச்சி. அம்மாவுக்குப் படைச்சதை நீங்க சாப்பிடாம யார் சாப்பிடுறது? படையல் முடிஞ்சதும் தம்பி பக்கத்துல இலை போட்டு உக்காந்து, சூடா ரெண்டு, மெதுவா. தூக்கை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. தோட்டத்துல இருந்து நேரா கம்பெனிக்குக் கொண்டு போயி, தையல் லைன்ல இருக்கற பிள்ளைகளுக்கு உங்க கையால குடுங்க. அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு இங்க வந்து எழுதுங்க, நான் முழிச்சிருப்பேன்.