வீட்டு வேதபாடத்துக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி வேதம் வாசிக்கிறோம். போன மாதம் ஒரு அக்கா, "தினமும் மூணு அதிகாரம் படிக்கிறேன் தம்பி, கதையெல்லாம் தெரியுது. ஆனா தேவனைத் தெரியுமான்னு கேட்டா பதில் இல்லை" என்றார். எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.

அதனால் வேகத்தைக் குறைத்தோம். யாத்திராகமம் 34:6-ல் கர்த்தர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதை எடுத்துக்கொண்டோம்: இரக்கம், கிருபை, நீடிய சாந்தம். அதே வார்த்தைகள் சங்கீதம் 103:8, யோவேல் 2:13, யோனா 4:2 என்று திரும்பத் திரும்ப வருகின்றன. யோனாவில்தான் நின்றுவிட்டோம். தேவன் மனமிரங்கி நினிவே நகரத்தை அழிக்காமல் விட்டதும் தீர்க்கதரிசி யோனா கோபப்படுகிறான்; "நீர் இப்படிப்பட்டவர் என்று எனக்கு முன்பே தெரியும்" என்பதுதான் அவன் புகாரே! அக்கா பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இது நான்தான்" என்றார்.

சரி, இனி என் கேள்வி. இங்கிருந்து சுவிசேஷத்துக்கு எப்படிப் போவது? யோவான் 1:14-18-ஐ நேரே எடுக்கலாமா, இல்லை லூக்கா 24-ல், உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் இரண்டு சீஷரோடு பேசுகிற பகுதியிலிருந்து தொடங்கலாமா? கிருபையும் சத்தியமும் என்று யோவான் எழுதுவது யாத்திராகமத்தை நினைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஒருவர் கையில் திருவிவிலியம் என்ற புதிய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பு, மற்றவர்களிடம் பழைய மொழிபெயர்ப்பு. இரண்டையும் சேர்த்து வாசித்து நடத்தியவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? வரும் சனிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.