மோட்டார் ஹோம் கழிவை இறக்கும் இடம்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1 (சென்னை)

குழுவினருக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்தை மோட்டார் ஹோமில் சுற்றுவோருக்கான கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. சாலை வரி, கணவாய், தங்குமிடம் எல்லாம் முடிந்தன. கழிவு பற்றிய அத்தியாயத்துக்குச் சொற்கள் வேண்டும்.

வண்டியில் சேர்ந்த அழுக்கு நீரையும் கழிப்பறைக் கழிவையும் இறக்கிவிட்டு நல்ல நீர் பிடித்துக்கொள்ளும் இடத்தை ஆங்கிலத்தில் 'டம்ப் ஸ்டேஷன்' என்கிறார்கள். இப்போதைக்குக் 'கழிவு நிலையம்' என்று எழுதியிருக்கிறேன். சமையலிலும் குளியலிலும் சேரும் 'கிரே வாட்டர்' சாம்பல் நீர், கழிப்பறையில் சேரும் 'பிளாக் வாட்டர்' கருநீர். வண்டியைக் 'கேரவன்' என்றால் நம்மவர்களுக்குப் படப்பிடிப்பில் நடிகர் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். தவிர, கேரவன் இன்னொரு காரால் இழுக்கப்படுவது. இது தானே ஓடுவது. அதனால் 'மோட்டார் ஹோம்' என்றே விட்டுவிட்டேன். மற்ற மூன்றுக்கும் கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2 (பாசல்)

வணக்கம் தங்கச்சி. 'கழிவு நிலையம்' இங்கே ஆக்களைப் பிழையான வாசலுக்கு அனுப்பிவிடும். ஜெர்மன் பேசும் பகுதிகளில் 'என்ட்சோர்குங்ஸ்ஷ்டெல்லே' என்றால் ஊரார் கண்ணாடிப் போத்தல், தகரம், பழைய எண்ணெய் கொண்டுபோய்ப் போடும் இடம். பிரெஞ்சுப் பக்கத்தில் 'டெஷெட்ரி' என்பதும் கிட்டத்தட்ட அதுவே. அங்கே 7 மீட்டர் வாகனத்தை நுழைத்துவிட்டுக் கழிவு சேரும் கழிப்பறைப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு இறங்கினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

மோட்டார் ஹோமுக்கு உரியது 'என்ட்சோர்குங்ஸ்ஷ்டட்சியோன்'. வால் மட்டும்தான் வேறு. பிரெஞ்சில் 'விடான்ஜ்' என்ற சொல்லைத் தேட வேண்டும். இத்தாலிய மொழி பேசும் டிச்சினோவில் 'ஸ்காரிக்கோ' அல்லது 'கேம்பர் சர்வீஸ்'. ஒரே நாளில் மூன்று மொழிப் பகுதிகளையும் கடந்துவிடலாம் என்பதால் இவற்றைத் தமிழ் எழுத்தில் கட்டாயம் கொடுங்கள்.

குப்பையும் இதில் சேராது. பெரும்பாலான ஊர்களில் வீட்டுக் குப்பையைக் கட்டணம் சேர்ந்த பையில்தான் போட வேண்டும். பை கடையில் கிடைக்கும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலை மிக்ரோ, கோப் போன்ற கடைகளில் உள்ள சேகரிப்புத் தொட்டியில் போடலாம். எல்லாவற்றையும் 'கழிவு' என்ற ஒரே சாக்கில் கட்டினால் வாசிப்பவர் குழம்புவார்.

மடல் 3 (கோவை)

சென்னை அம்மணிக்கு,

நிறத்தை மொழிபெயர்ப்பது சொல்லாக்கம் ஆகாது. நம் ஊர்த் திட்ட அறிவிப்புகளில் 'சாம்பல் நிற நீர்' புழங்குவது தெரியும். வாங்கிய கடனை வட்டியோடு சுமக்கிறோம். சமையல் மேடையிலும் குளியலிலும் போகும் நீருக்கு நம்மிடம் பெயர் இல்லாமலா இருந்தது? குறள் 720-இல் வரும் 'அங்கணம்' அழுக்கு நீர் சேரும் முற்றம்தான். மணிமேகலையில் வஞ்சி நகர வருணனையில் பெண்கள் கூந்தல் கழுவிய நீர் சுருங்கைத் தூம்பு என்ற நிலத்தடி வடிகால் வழியாக ஓடுகிறது. அதற்குப் பெயர் 'கலவை நீர்'. இன்றைக்குக் கலவை என்றால் சிமென்ட் என்பதால் அதை விட்டுவிடலாம்.

என் பரிந்துரை கழுநீர். மாட்டுக்கு வைக்கும் கழுநீர்த்தொட்டியை அறியாத ஊர் கொங்கு நாட்டில் இல்லை.

மடல் 4 (மதுரை)

மறுக்கிறேன் ஐயா. கழுநீர் மாடு குடிப்பது. அரிசி களைந்த நீரும் காய்கறித் தோலும் சேர்ந்தது. மோட்டார் ஹோமின் அடித்தொட்டியில் இருப்பது சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் பற்பசையும். இன்னொன்று, அச்சில் 'கழுநீர்', 'கழிநீர்' இரண்டுக்கும் ஒரு கொக்கிதான் இடைவெளி. கையேட்டில் இந்த இரண்டும் மாறினால் விளைவு நாறும்.

'கழுவுநீர்' என்று வினை தெரியும்படி வைக்கலாம். கழிப்பறைக் கழிவுக்குக் 'கருநீர்' வேண்டவே வேண்டாம். நீல மருந்து ஊற்றிய பெட்டியில் கருப்பாக எதுவும் இருக்காது.

மடல் 5 (பாசல்)

கழுவுநீருக்கு என் ஆதரவு. மற்றதற்கு 'மலசலநீர்' போதும். இலங்கையில் கழிப்பறைக்கு அலுவலகப் பலகையிலேயே மலசலகூடம்தான்; தமிழ்நாட்டாருக்கும் பார்த்தவுடன் விளங்கும். நாகரிகம் பார்த்து மூடி எழுதினால் தப்பான துளையில் ஊற்றுவார்கள்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அந்த இடத்தில் மூன்று வாய்கள் இருக்கும். ஒன்று, தரையோடு பதித்த இரும்புக் கிராதி. வாகனத்தை அதன்மேல் ஓட்டி, அடித்தொட்டியின் வால்வு கிராதிக்கு நேரே வரும்படி நிறுத்தித் திறக்க வேண்டும். 100 லிட்டர் வடியச் சில நிமிடம் பிடிக்கும். வாகனம் வால்வுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றால் கடைசிப் பத்துப் பதினைந்து லிட்டர் உள்ளேயே தங்கி அடுத்த நாள் நாறும். இரண்டாவது, இடுப்பு உயரத் தூணிலோ மூடி போட்ட தொட்டியிலோ இருக்கும் வாய், மலசலநீர் அதற்குள். மூன்றாவது குடிநீர்க் குழாய். சில தூண்கள் 1, 2 ஃபிராங்க் நாணயம் கேட்கும், சில வில்லை (டோக்கன்) கேட்கும், சில அட்டை.

கிராதியும் தூண் வாயும் பெரும்பாலும் ஒரே சாக்கடைக் குழாயில்தான் போய்ச் சேரும். 'அப்படியானால் எதில் ஊற்றினால் என்ன' என்ற கேள்வி வரும். கிராதியில் காகிதமும் திண்மமும் மேலேயே தங்கும். அடுத்த வாகனத்தின் சக்கரம் அதை மிதித்து இழுத்துப் போகும். அலசிவிட அங்கே தண்ணீரும் இருக்காது. ஆகவே இரண்டு வாய்க்கும் இரண்டு பெயர் வேண்டும். ஒரே பெயரானால் கையேடே பிழை செய்யச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

தெருவோர மழைநீர் வடிகாலில் கழுவுநீரைத் திறந்துவிடுவதைப் பற்றியும் எழுதுங்கள். மழைநீரும் சாக்கடையும் தனித்தனிக் குழாயில் ஓடும் ஊர்களில் அந்த வடிகால் நேரே ஓடைக்குப் போகும். நீரை மாசுபடுத்தக்கூடிய எதையும் நேராகவோ சுற்றிவளைத்தோ நீர்நிலையில் விடக் கூடாது என்பது 1991ஆம் ஆண்டின் நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம். 'வெறும் சோப்புத் தண்ணீர்தானே' என்ற சாக்கு எடுபடாது.

மடல் 6 (மதுரை)

பாசல் அண்ணன் சொன்னதிலேயே பெயர் கிடக்கிறது. கை என்ன செய்கிறதோ அதுவே பெயர். வால்வைத் திறந்து வடிக்கிறோம்: வடிகிராதி. பெட்டியைத் தூக்கிக் கொட்டுகிறோம்: கொட்டுவாய். நிறமும் வேண்டாம், நிலையமும் வேண்டாம்.

பெட்டியைக் கையாளும் பகுதியில் சென்னையின் வரைவு மிகவும் சுருக்கம். 'பெட்டியைக் காலி செய்யவும்' என்ற ஒரே வரி. வழக்கமான பெட்டி 18, 19 லிட்டர் கொள்ளும். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள். நிறைந்தால் 20 கிலோவைத் தாண்டும், எனவே தூக்காமல் அதன் சக்கரத்தில் உருட்ட வேண்டும். வெளிக்கதவைத் திறக்குமுன் கழிப்பறை உள்ளே இருக்கும் தகட்டை மூட வேண்டும்; தகடு திறந்திருந்தால் பெட்டி வெளியே வராது, வலுக்கட்டாயமாக இழுத்தால் ரப்பர் வளையம் பிய்யும்.

கொட்டும்போது எல்லோரும் தவறுவது காற்றுப் பொத்தானில். பெட்டியின் கொட்டும் மூக்கைத் திருப்பி, மூடியைக் கழற்றி, மூக்கு கொட்டுவாயை நோக்கிக் கவிழ்ந்த பிறகுதான் கட்டைவிரலால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் கொட்டினால் காற்று மூக்கு வழியாகவே உள்ளே புக முயன்று 'குபுக் குபுக்' என்று காலில் தெறிக்கும். நிமிர்ந்திருக்கும்போதே அழுத்தினால் உள்ளழுத்தம் பொத்தான் துளை வழியே பீறிடும்.

சுவிட்சர்லாந்தில் இந்த அழுத்தம் சும்மா பேச்சு இல்லை. இன்டர்லாக்கன் ஏறத்தாழ 570 மீட்டர் உயரம், கிரிம்சல் கணவாய் 2,164 மீட்டர். அந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு குறைந்துவிடும். கீழே இறுக மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று மேலே போனதும் விரியும். கணவாயில் நின்று தகட்டைச் சட்டென்று திறப்பவர் முகத்துக்கு நேரே தூவானம். தானே அழுத்தம் விடும் பெட்டிகள் உண்டு, ஆனால் அந்த வால்வு உப்புப் படிந்து அடைத்திருந்தால் பயனில்லை. தகட்டை விரல்கடை அளவு மெதுவாகத் திறந்து, சீறல் நின்றபின் முழுதும் திறக்கச் சொல்லுங்கள்.

காலி செய்தபின் இரண்டு மூன்று லிட்டர் நீர் விட்டு மூடிக் குலுக்கி மறுபடி கொட்ட வேண்டும், இரண்டு முறை. பிறகு 2 லிட்டர் நீரும் மருந்தும். மருந்தின் அளவு புட்டியில் இருக்கும்: அடர்வு குறைந்த வகை 20 லிட்டருக்கு 150 மி.லி., அடர்த்தியானது அதில் பாதிக்கும் குறைவு. கூட ஊற்றினால் கூடப் பலன் என்பது இல்லை. நீல மருந்து நுண்ணுயிரைக் கொன்று நாற்றத்தை அடக்குவது. மலையில் சொந்தக் கழிவுத்தொட்டி வைத்திருக்கும் முகாம்களில் அந்தத் தொட்டி நுண்ணுயிரால்தான் வேலை செய்கிறது, எனவே பச்சை மருந்து மட்டும் கேட்பார்கள். ரப்பர் வளையத்துக்கு சிலிக்கோன் பூச்சு. வாஸலின் பூசினால் ரப்பர் ஊதி, மூடினாலும் கசியும்.

மடல் 7 (கோவை)

வடிகிராதி, கொட்டுவாய் இரண்டும் நன்று. என் கழுநீரைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 'கை செய்வதே பெயர்' என்ற விதி எவ்வளவு தூரம் தாங்கும்? பெட்டியை அப்படியே உள்ளே வைத்துக் கதவை மூடினால் தானே கொட்டி, அலசி, மருந்தும் ஊற்றித் தரும் கேம்பர்கிளீன் இயந்திரங்கள் வந்துவிட்டன. அங்கே கொட்டுவாய் ஏது?

அப்புறம், பெட்டிக்கு யாரோ தனிமடலில் 'மலப்பேழை' என்று எழுதியிருந்தார்கள். பேழையில் நகை இருக்கும், உடன்படிக்கை இருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

மொத்த இடத்துக்கு 'துறை' பொருந்தும் என்று நினைத்தேன். வண்ணான் துறை, படகுத்துறை போல நீரோடு வேலை செய்யும் இடம். 'கழிவுத்துறை' என்று எழுதிப் பார்த்தேன். அதற்கு அமைச்சர் யார் என்று கேட்பார்கள்.

மடல் 8 (மதுரை)

ஐயா, இயந்திரத்துக்குள் கொட்டுவதும் கொட்டல்தான். யார் கொட்டுகிறார் என்பது மட்டும் மாறுகிறது. அதைத் 'தானியங்கிக் கொட்டுவாய்' எனலாம். விதிக்கு உண்மையான இடி வேறு இடத்தில். பெரிய அமெரிக்க வண்டிகளில் பெட்டி இல்லை. மலசலநீர் நிலையான தொட்டியில் சேரும், பருத்த குழாய் வழியே வடிப்பது. அவர்கள் 'வடிப்பதுதானே' என்று வடிகிராதியில் குழாயை மாட்டக் கூடாது. ஐரோப்பாவில் இத்தகையவை அரிது, ஓர் அடிக்குறிப்பு போதும்.

'கழிவிறக்கம்', 'இறக்குதுறை' இரண்டும் யோசித்தேன்.

மடல் 9 (பாசல்)

இறக்குதுறை வேண்டாம் தம்பி. இறங்குதுறை என்றால் எங்களுக்குப் படகு வந்து அணையும் இடம்.

அங்கே நடப்பது நீரை மாற்றுவது: பழையதை விட்டு, புதியதை ஏற்றுவது. நீர்மாற்றிடம் என்றால் என்ன? மூன்று வாய்களும் அதற்குள் அடங்கும். குப்பைக்கும் போத்தலுக்கும் அது இடம் இல்லை என்பதும் பெயரிலேயே தெரியும்.

குளிர்காலம் பற்றி ஒரு வரி சேருங்கள். உறைபனிக் காலத்தில் பல நீர்மாற்றிடங்களில் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். முன்கூட்டிப் பார்க்காமல் போனால் வடிக்கலாம், பிடிக்க முடியாது. இன்னொரு குழப்பம்: ட்ரூமா நிறுவனத்தின் வெந்நீர்க்கலத்தில் உள்ள பாதுகாப்பு வால்வு 3 பாகைக்குக் கீழே போனால் தானே திறந்து கலத்து நீரை வெளியே விட்டுவிடும். வாகனத்தின் அடியில் 10 லிட்டர் ஓடுவதைக் கண்டு கழுவுநீர்த்தொட்டி உடைந்தது என்று பதறுவார்கள். அது நல்ல நீர்.

மடல் 10 (சென்னை)

அனைவருக்கும் நன்றி. நீர்மாற்றிடம், வடிகிராதி, கொட்டுவாய், கழுவுநீர், மலசலநீர் ஐந்தையும் ஏற்கிறேன். பெட்டியை 'கழிப்பெட்டி' என்று எழுதுகிறேன். பேழை இல்லை ஐயா. திருத்திய பத்தி:

"நீர்மாற்றிடத்துக்கு வந்ததும் முதலில் நல்ல நீர், கை சுத்தமாக இருக்கும்போதே. குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு, உங்கள் சொந்த ரப்பர் குழாயால் பிடிக்கவும். குழாய்முனையின் அளவு ஊருக்கு ஊர் மாறுவதால் அரை அங்குலம், முக்கால் அங்குலம் இரண்டுக்கும் இணைப்பு வைத்திருக்கவும். அடுத்து வண்டியை வடிகிராதிமேல் நிறுத்திக் கழுவுநீர் வால்வைத் திறக்கவும். கடைசியாகக் கழிப்பெட்டியைக் கொட்டுவாயில் கொட்டி, அருகில் உள்ள குழாயால் அலசவும். புறப்படுமுன் வால்வு மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும். மொத்த எடை 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டிய வண்டியில் வடிக்காத 100 லிட்டர் என்பது 100 கிலோ."

மடல் 11 (பாசல்)

ஓர் ஆபத்தான இடம், தங்கச்சி. பத்தியில் 'குழாய்' மூன்று பொருளில் வருகிறது. கொட்டுவாய்க்குப் பக்கத்தில் தொங்குவதைக் கழிப்பெட்டியின் மூக்குக்குள்ளேயே நுழைப்பார்கள்; 'காய்ன் ட்ரிங்க்வாஸர்' என்று எழுதியும் இருக்கும், குடிநீர் அல்ல என்று. மேலே 'குழாயை ஓடவிட்டு' என்று படித்தவர் கைக்கு எட்டிய இதைத்தான் திறப்பார். கொட்டுவாய்ப் பக்கம் இருப்பதை அலசுகுழாய் என்று பிரியுங்கள்.

மடல் 12 (சென்னை)

பிரித்துவிட்டேன் அண்ணா. முதல் வரியில் 'குடிநீர்க் குழாய்', பிடிப்பதற்கு 'சொந்த ரப்பர் குழாய்', கொட்டுவாயருகே 'அலசுகுழாய்'. அலசுகுழாயைத் தொட்ட கையால் குடிநீர்க் குழாயைத் தொட வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்தாயிற்று.