காரில் வைத்துவிட்டுப் போகும் துப்பாக்கி: உங்கள் அனுபவம் என்ன?

ப்ளேனோ மாமா:

எந்தத் துப்பாக்கி வாங்கலாம், சுட்டுப் பழகும் எந்த ரேஞ்சில் கூட்டம் குறைவு, துப்பாக்கியைச் செருகும் பெல்ட் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் நம் ஆட்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். "சரி, துப்பாக்கியோடு உள்ளே போகக்கூடாத இடம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் மட்டும் "கார்ல வச்சிட்டுப் போவேன்" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். காரில் எங்கே, எப்படி? அதைத்தான் இங்கே கேட்கிறேன். சட்டப் புத்தகத்தில் படித்ததைவிட உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

முதலில் என் கதை. டெக்சஸில் நெடுங்காலமாக இருக்கிறேன், இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடுவதற்கான லைசென்ஸும் இருக்கிறது. இங்கே கழற்றி வைக்க வேண்டிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடக் கட்டடம், கோர்ட், வாக்குச்சாவடி, விமான நிலையத்தில் சோதனையைத் தாண்டிய பகுதி, வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ மதுவிலிருந்து வருகிற பார், அப்புறம் 30.06 பலகை (லைசென்ஸ் இருந்தாலும் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவரக்கூடாது என்ற அறிவிப்பு) மாட்டிய கடைகள். 2021 செப்டம்பரில் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் "இனிமேல் லைசென்ஸ் எதற்கு?" என்று பலர் விட்டுவிட்டார்கள். அவர்களே ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட வருகிறார்கள். நம் தமிழ்ப் பள்ளிகள் பல நடப்பது வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடங்களில். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்கு ஃபெடரல் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் இருப்பவருக்கு விலக்கு உண்டு. இல்லாதவர் தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டிக்குள் வைத்திருந்தால்தான் தப்பிக்கலாம். இடுப்பில் தோட்டாவோடு பார்க்கிங் வரிசையில் நின்றால் அவ்வளவுதான்.

என் வழக்கம் இது. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன இரும்பு லாக் பாக்ஸ். அதன் கேபிளை சீட்டின் இரும்புக் காலைச் சுற்றிக் கொண்டுவந்து, முனையிலுள்ள வளையத்தைப் பெட்டிக்குள் மாட்டி மூட வேண்டும். வாங்கும்போது துப்பாக்கியை மட்டும் அளந்து வாங்காதீர்கள். ஹோல்ஸ்டரோடு, அதாவது உறையோடு, உள்ளே போகிறதா என்று பாருங்கள். நான் ஹோல்ஸ்டரிலிருந்து உருவுவதே இல்லை, கிளிப்பைத் தளர்த்தி மொத்தமாக எடுத்து வைப்பேன். ட்ரிக்கர் எந்த நேரமும் மூடியே இருக்கும். காருக்குள் குறுகிய இடத்தில், ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே துப்பாக்கியை உருவிச் செருகும்போது தொடையில் சுட்டுக்கொள்வது நடக்கிற விஷயம்.

இன்னொன்று. உங்கள் காரில் மெமரி சீட் இருந்தால் கேபிளைக் கவனியுங்கள். வீட்டுக்காரி தன் பட்டனை அழுத்தியதும் சீட் முன்னால் ஓடும். கேபிள் சீட் ஓடும் தண்டவாளத்தில் மாட்டி என் பெட்டி ஒருமுறை சீட்டுக்கடியில் செங்குத்தாக நின்றது. அதிலிருந்து சீட்டின் பின்பக்கக் காலில்தான் கட்டுகிறேன்.

நாஷ்வில் தம்பி:

மாமா, நீங்கள் பூட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் முதல் பிரச்சினை கார் கதவையே பூட்டாதது.

எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர், அமெரிக்கர். பெரிய பிக்கப், பின் கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர்கள். வீட்டு வாசலில்தானே நிற்கிறது என்று பூட்ட மாட்டார். ஒரு நாள் விடிகாலை, தொப்பி போட்ட இரண்டு பையன்கள் தெருமுனையிலிருந்து ஒவ்வொரு காராகக் கைப்பிடியை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தது எங்கள் வாசல் கேமராவில் பதிவாகியிருந்தது. பூட்டியிருந்தால் அடுத்த கார். ஒரு கண்ணாடியைக்கூட உடைக்கவில்லை. பிக்கப் கதவு திறந்ததும் ஒருவன் நேராக முன்சீட்டுகளுக்கு நடுவிலுள்ள கன்சோல் பெட்டிக்குள் கையை விட்டான். இருபது வினாடிகூட ஆகியிருக்காது. துப்பாக்கியோடு தோட்டா நிரப்பும் மேகசின் இரண்டும் போயிற்று.

போலீஸ் வந்து கேட்ட முதல் கேள்வி, சீரியல் நம்பர் என்ன? அவருக்குத் தெரியவில்லை. நம்பர் இருந்தால்தான் திருடுபோன துப்பாக்கி என்று தேசியப் பதிவில் ஏற்ற முடியும். ஏற்றவில்லை என்றால், நாளைக்கு வேறு ஊரில் வேறு யாரிடமாவது அது பிடிபட்டாலும் திருட்டுப்பொருள் என்று அந்தப் போலீசுக்குத் தெரியாது. கடைசியில் வாங்கிய கடைக்குப் போன் போட்டு, அவர்கள் வைத்திருக்கும் பழைய படிவத்திலிருந்து எடுத்தார்கள். அதற்குள் மூன்று நாள் போய்விட்டது.

அமெரிக்காவில் திருடுபோவதாகப் புகார் வரும் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் கார்களிலிருந்து போனவை என்கிறது 2022ஆம் ஆண்டுக்கான எவரிடவுன் அமைப்பின் கணக்கு. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் அமைப்பு அது, ஆகவே நம் கூட்டத்தில் பலர் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் அவர்கள் எடுத்தது எஃப்.பி.ஐ. தரவிலிருந்து. அந்த கேமராப் பதிவைப் பார்த்தபின் எனக்கு அந்தக் கணக்கில் சந்தேகம் வரவில்லை.

ஸ்டிக்கரை மட்டும் அவர் இன்னும் கிழிக்கவில்லை.

டென்வர் அக்கா:

தம்பி சொன்னதற்கு ஒரு பழைய சம்பவம் சேர்க்கிறேன். 2015 ஜூன் 27 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மையத்தில் நிறுத்தியிருந்த காரிலிருந்து ஒரு ஃபெடரல் ரேஞ்சரின் துப்பாக்கி திருடுபோனது. வேறு யாருடையதோ இல்லை, சட்டத்தைக் காக்கும் ஆளுடையது. ஜூலை 1 அன்று, பியர் 14இல் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் அதே துப்பாக்கியின் தோட்டாவுக்கு இறந்தார். தரையில் பட்டு எகிறி வந்த தோட்டா. அந்த வழக்கு குடியேற்ற அரசியலாக மாறியதால் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். கலிஃபோர்னியா மறக்கவில்லை. ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டுப்போனால் டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ, வெளியே தெரியாமல் வைக்க வேண்டும் என்று 2017 முதல் போலீசுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டது. அங்கே க்ளவ் பாக்ஸைப் பூட்டினாலும் அது பூட்டிய பெட்டி ஆகாது.

எங்கள் கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல் இதே மாதிரி. கைத்துப்பாக்கி என்றால் கெட்டியான பெட்டி, அதற்குப் பூட்டு, வெளியே தெரியக்கூடாது, காரையும் பூட்டியிருக்க வேண்டும். துணிப்பையில் ஜிப் போட்டு சீட்டுக்கடியில் தள்ளுவதெல்லாம் இனி செல்லாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குள் துப்பாக்கி கூடாது. ஒரு நாள் பக்கத்து மளிகைக்கடை பார்க்கிங்கில் நிறுத்தி, குனிந்து கழற்றிப் பெட்டியில் வைத்தேன். பக்கத்துக் காரில் ஒரு அம்மாள் இருந்ததை நான் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்கிறார். ஒரு பெண் காருக்குள் குனிந்து துப்பாக்கியை எடுக்கிறாள் என்றால் அவருக்கு என்னவெல்லாம் தோன்றியிருக்கும்! அவசர எண் 911ஐ அழைத்துவிட்டார். கடையிலிருந்து காய்கறிப் பையோடு வெளியே வந்தால் என் காருக்கு இரு பக்கமும் போலீஸ்.

கையைத் தெரியும்படி வைத்துக்கொண்டு, "பெட்டியில் பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம்தான் இருக்கிறது, லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறது" என்று நிதானமாகச் சொன்னேன். சொன்னேனே தவிர எதையும் எடுக்கப் போகவில்லை. பர்ஸை எடுங்கள் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எடுத்தேன். இளம் அதிகாரி, மரியாதையாகவே பேசினார். போகும்போது, "மேடம், போகிற இடத்தில் கழற்றாதீர்கள், கிளம்புகிற இடத்திலேயே கழற்றிவிடுங்கள்" என்றார். இதைவிட நல்ல யோசனையை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்க்கிங்கில் கழற்றுவதைப் பயந்தவர் பார்த்தால் 911. திருடன் பார்த்தால், காரில் என்ன இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி.

கைரேகைப் பெட்டி வாங்காதீர்கள் என்பேன். டென்வர் குளிரில் விரல் வறண்டு வெடித்துப் போகிறது, பெட்டி என்னை அடையாளம் காண மறுக்கிறது. எண் பட்டன் போதும்.

பெயர் வேண்டாம், ஆஸ்டின்:

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை. வைத்திருக்கவும் கூடாது, எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா ஊரிலிருந்து வந்த அன்று, பெரிய கார் வேண்டும் என்று அண்ணன் காரை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட் போனேன். அவன் சிட்டிசன். வெளியே காத்திருக்கும் இடத்தில் டிஷ்யூ பேப்பர் தேடிக் கன்சோலைத் திறந்தால் கறுப்பாக ஒன்று. பூட்டு இல்லை, பெட்டி இல்லை, மேலே கிடந்தது சன்கிளாஸ். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூடிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். "அதனால் என்னடா, நீ தொடாமல் ஓட்டிட்டு வா" என்றான்.

அதனால் என்ன என்பதைப் பிறகு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். எச்-1பி, எச்-4, எஃப்-1 என்று தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஏர்போர்ட்டுக்குப் போகிறவனுக்கு அது உதவாது. கையில் தொட்டால்தான் குற்றம் என்றில்லை. அங்கே இருப்பது தெரிந்து, கைக்கெட்டும் தூரத்தில், நம் கட்டுப்பாட்டில் இருந்தாலே போதும். துப்பாக்கி வழக்கில் தண்டனை கிடைத்தால் நாடுகடத்தவும் அது ஒன்றே போதுமான காரணம். கொடுத்த அண்ணனுக்கும் சிக்கல்தான்.

ஆகவே சிட்டிசன் அண்ணன்மார்களே, கிரீன் கார்டு மச்சான்மார்களே, சாவியைக் கொடுக்கும் முன் கன்சோலைத் திறந்து பாருங்கள். வீட்டில் ஒரே காரை ஆளுக்கு ஒரு விசாவில் ஓட்டுகிற குடும்பங்கள் நம்மிடம்தான் அதிகம்.

ப்ளேனோ மாமா:

தம்பி, நீங்கள் எழுதியதை எங்கள் கம்யூனிட்டி வாட்ஸாப்பில் அப்படியே போட்டுவிட்டேன், பெயர் இல்லாமல்தான். லாக் பாக்ஸ் இருந்தாலும் இந்தச் சிக்கல் முழுக்கத் தீராது. சாவியும் எண்ணும் ஓட்டுகிறவரிடம் இல்லாமல் இருந்தால் ஓரளவு வாதாடலாம். கார் கைமாறும் நாளில் பெட்டி வீட்டுக்குள் இருப்பதுதான் சரி.

பென்சில்வேனியா மச்சான்:

பிலடெல்ஃபியா பக்கம் இருக்கிறவர்களுக்கு மட்டும். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போகும் நாளில் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பென்சில்வேனியா லைசென்ஸ் டெலவேர் ஆற்றைத் தாண்டினால் வெறும் அட்டை. நியூ ஜெர்சி எந்த வெளிமாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை. "டிக்கியில் பூட்டி வைத்தால் ஃபெடரல் சட்டம் காப்பாற்றும்" என்று ஒரு நண்பர் வாதாடுவார். அந்தச் சட்டம் ஒரு மாநிலத்தைக் கடந்து போகிறவருக்கானது. கோயிலில் இறங்கி, அர்ச்சனை முடித்து, கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டு, எடிசனில் மளிகை வாங்கித் திரும்புவதைக் கடந்துபோவது என்று எந்த நீதிபதியிடம் சொல்வது?

ஹூஸ்டன் வேட்டி:

கோயில் பேச்சு வந்ததால் கேட்கிறேன், வேட்டி கட்டும் நாளில் நீங்கள் எல்லாரும் எங்கே வைக்கிறீர்கள்? பெல்ட் கிடையாது. நான் வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். அலுவலகத்திலிருந்து நேரே பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகிற நாளில் மட்டும் காரில்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி ஒன்று. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2018இல் அளந்து பார்த்தார்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காருக்குள் சராசரியாக 116 டிகிரி ஃபாரன்ஹீட், டாஷ்போர்டில் 157. அந்தச் சூட்டில் தோட்டா தானாக வெடிக்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பெட்டியின் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். ஒரு சாயந்திரம் எண்ணை அழுத்தினால் விளக்கே எரியவில்லை. அவசரச் சாவி எங்கே? அந்தப் பெட்டிக்குள்ளேயே. என் மச்சினனின் பெட்டி அது, அவனிடம் ஒரு வாரம் சிரித்தோம். சாவியை வீட்டுச் சாவிக் கொத்தில் போடுங்கள்.

டென்வர் அக்கா:

போஸ்ட் ஆபீஸை யாரும் சொல்லவில்லையே. அங்கே காரில் வைத்துவிட்டுப் போவதும் பதில் இல்லை. தபால் துறைக்குச் சொந்தமான பார்க்கிங்கிலும் துப்பாக்கி கூடாது என்பது அவர்கள் விதி. எங்கள் கொலராடோ ஏவனில் ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். பார்க்கிங்குக்கும் தடை செல்லும் என்று 2015இல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. வேறு வழக்குகள் இன்னும் நடக்கின்றன. நான் பார்சல் அனுப்பும் நாளில் எதிர்த்தெருவில் நிறுத்திவிட்டு நடந்து போகிறேன்.

நாஷ்வில் தம்பி:

நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதால் கார் டோ ஆகி, அதாவது இழுத்துப் போகப்பட்டு, யாராவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு ஆயிற்று. நண்பன் அபார்ட்மெண்டில் விசிட்டர் இடம் என்று நினைத்து நிறுத்தினேன். படம் பார்த்துவிட்டு இறங்கினால் கார் இல்லை, உள்ளே பெட்டி இருக்கிறது. டோ யார்டுக்குப் போன் போட்டால் காலை எட்டு மணிக்கு வா என்றார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் என் கார், கதவு பூட்டியபடியே நின்றது. நல்லவேளை, இழுத்தவர்கள் உள்ளே போகவில்லை, பெட்டியும் கேபிளும் போட்டது போட்டபடி. பணத்தைக் கட்டிவிட்டு எடுத்து வந்தேன். அங்கே துப்பாக்கி என்ற பேச்சையே எடுக்கவில்லை, வெளியே வந்து வண்டியை நிறுத்தித்தான் திறந்து பார்த்தேன்.

இப்போதெல்லாம் ராத்திரி யார் வீட்டுக்குப் போவதாக இருந்தாலும் முன்கூட்டியே, "துப்பாக்கி இருக்கிறது, உள்ளே கொண்டு வரட்டுமா, வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்கிறார்கள். வைத்துவிட்டுப் போகிறேன்.